புல் வேய்ந்த சாலையும் சீமெந்து விமானமும்: சீதாஎலிய சீதையம்மன் ஆலயம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கையின் நுவரெலியா நகரிலிருந்து பதுளை வீதியில் ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் சென்றால், ஹக்கலைத் தாவரவியல் பூங்காவை அடைவதற்குச் சற்று முன்பாக, வீதியோரத்தில் ஒரு கோயிலின் விமானம் (கருவறை மேல் எழும் கோபுரம்) தலைகாட்டும். மலையகத்தில் கோயில் என்றால் ஏறிப் போவதே வழக்கம். தேயிலை மலையின் முகட்டிலோ, லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) மேலே உள்ள திட்டிலோதான் சாமி இருக்கும். சீதாஎலியவில் இறங்கிப் போக வேண்டும். இறங்க இறங்க வாகன இரைச்சல் குறைந்து, கட்டடத்துக்குப் பின்னால் பாறைகளின் மீது விழுந்தோடும் ஓடையின் சத்தம் கூடிக்கொண்டே வருகிறது. சீதை சிறையிருந்த அசோகவனம் இதுவே என்றும், அவள் நீராடிய ஓடை இதுவே என்றும் இப்பகுதி மக்கள் நம்புகின்றனர். அந்த நம்பிக்கையைச் சுற்றி எழுந்த ஆலயமே இந்த ஆய்வின் பொருள்.

கட்டட வரைபடம் வரைவது என் தொழில். ஆகையால் இங்கே நான் கேட்கும் கேள்வியும் தொழில் சார்ந்தது: ஒரு புராணக் கதையை ஒருவர் கட்டடமாக்க முனைந்தால், அந்தக் கதையிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறார், எதை விட்டுவிடுகிறார்? இராவணன் இருந்தானா, அசோகவனம் நுவரெலியாவில்தான் இருந்ததா என்ற வழக்கை இதில் நான் தொடப்போவதில்லை. இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சம் இராவணன் கதையைச் சொல்லவில்லை என்பதும், இடப்பெயர்களும் வாய்மொழிக் கதைகளுமே இங்கு சான்றாகக் காட்டப்படுகின்றன என்பதும் தெரிந்ததே. கட்டடக்காரனுக்கு அதைவிட முக்கியமான செய்தி, மக்கள் ஒரு பாறையைக் காட்டி "இங்கேதான்" என்று சொல்லிவிட்டார்கள் என்பது.

கதைக்குள் இருக்கும் கட்டடங்கள்

இராமகாதையில் அசோகவனம் வெறும் காடாக வருவதில்லை. வான்மீகியின் சுந்தரகாண்டத்தில், ஆயிரம் தூண்கள் தாங்க, கயிலையைப் போல் வெண்மையாக, பவளப் படிகளும் பொன் மேடைகளும் கொண்ட ஒரு மாளிகை அந்த வனத்தின் நடுவே நிற்கிறது. அதைப் பார்த்து வியந்த அனுமனே பிறகு அதன் தூண் ஒன்றைப் பெயர்த்துச் சுழற்றி அதனை எரித்தும் விடுகிறான். சீதையின் கதையை ஒட்டி மாளிகை கட்ட நினைப்பவர் இந்த முடிவையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அதே காண்டத்தில் வரும் இன்னோர் இடம் சீதாஎலியவுக்கு மிக நெருக்கமானது. வனத்தினுள் ஒரு குன்றையும், காதலன் மடியிலிருந்து ஊடி இறங்கிய பெண்ணைப் போல் அக்குன்றிலிருந்து விழுந்தோடும் ஆற்றையும் அனுமன் காண்கிறான். சந்தியாகால வழிபாட்டை விரும்பும் சீதை உயிரோடு இருந்தால், தூய நீருள்ள இந்த ஆற்றுக்குக் கட்டாயம் வருவாள் என்று எண்ணி மரத்தின் மேல் காத்திருக்கிறான். தேடி வந்தவன் தேடப்பட்டவளைச் சந்திக்கும் இடமாக அவன் மனத்தில் முதலில் எழுவது மாளிகை அன்று, மலையடி நீர்த்துறை.

கம்பன் இன்னும் ஒரு படி இறங்குகிறான். அவனுடைய இராவணன் சீதையைத் தொடுவதில்லை. பஞ்சவடியில் அவள் இருந்த குடிலை நிலத்தோடு பெயர்த்துத் தூக்கி வருகிறான். ஆகவே கம்பனின் சீதை இலங்கையில் இருந்த காலமெல்லாம் இலக்குவன் கட்டிய அதே குடிலில்தான் இருக்கிறாள். திரும்பிச் சென்ற அனுமன் இராமனிடம், "உம்பி புல்லினால் தொடுத்த தூய சாலையில் இருந்தாள்" என்று சொல்கிறான். பொன்மயமான கற்பகச் சோலையின் நடுவே ஒரு புல் குடிசை! அயல் மண்ணில், தன் மண்ணின் ஒரு துண்டின் மேல், தன் வீட்டார் கட்டிய கூரையின் கீழ் அவள் இருந்தாள் என்பதைத் தமிழில் இதைவிடச் சுருக்கமாக ஒருவரும் சொன்னதில்லை என்பது என் எண்ணம்.

ஆயிரங்கால் மாளிகை, மலையடி நீர்த்துறை, புல் வேய்ந்த சாலை ஆகிய மூன்றில் சீதாஎலியவில் இப்போது இருப்பது எது?

ஓடையோரம்

சென்ற ஆண்டு மழைக்காலக் காலையொன்றில் நான் அங்கே போனபோது மூடுபனி விலகவில்லை. முன்மண்டபத்தில் நின்ற பத்துப் பதினைந்து பேர் தீபாராதனை முடிந்த கையோடு, யாரும் வழிகாட்டாமலேயே, பின்பக்கமாக ஓடையை நோக்கி நகர்ந்தார்கள். திருநீறு வாங்கி நெற்றியில் இட்டவர் கூட ஏதோ பாதி முடிந்த காரியத்தை முடிக்கப் போவதுபோல் பின்பக்கமே நடந்தார். அங்கே, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கிடக்கும் பாறையில், வெவ்வேறு அளவில் குழிகள் இருக்கின்றன. அனுமனின் பாதச் சுவடுகள் என்று அவை வணங்கப்படுகின்றன. அருகில் சீதையை வணங்கும் அனுமனின் சிலை வைக்கப்பட்டிருக்கிறது.

பெரிய குழியில் இரவு மழை நீர் தேங்கியிருந்தது. ஒரு தாய் குனிந்து அதில் விரலை நனைத்துத் தன் குழந்தையின் தலையில் தடவினார். பிறகு தன் உள்ளங்காலைக் குழியின் விளிம்பருகே வைத்து, அளவு பார்ப்பதுபோல் ஒரு கணம் நின்று, ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல் காலை எடுத்துக்கொண்டார். சுழலும் நீரில் அகப்பட்ட கூழாங்கற்கள் காலப்போக்கில் பாறையைக் குடைந்து இவ்வாறான குழிகளை உண்டாக்கும் என்று புவியியல் வகுப்பில் படித்திருக்கிறேன். அந்தப் படிப்பால் எனக்குக் கிடைத்த விளக்கத்தைவிட, அந்தத் தாய் காலை எடுத்துக்கொண்ட விதமே இக்கட்டடத்தைப் புரிந்துகொள்ள உதவியது. உடம்பின் அளவைக் கதையின் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இடம் அங்கே திறந்து கிடக்கிறது. எந்தச் சிற்பமும் அந்த வேலையைச் செய்ய முடியாது.

எதிர்க்கரையில் ஹக்கலை மலைக்காடு செங்குத்தாக எழுகிறது. அங்குள்ள மண்ணின் மேற்படை கருமையானது. அனுமன் வாலில் இட்ட தீ எரித்த தடம் என்பது ஊர் வழக்கு. குளிர்ந்த உயர்நிலக் காடுகளில் இலைச் சருகு மெல்ல மக்குவதால் மேல்மண் கறுத்திருப்பது இயல்பு என்பது மண்ணியல் வழக்கு. ஹக்கலை என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு: சிங்களத்தில் தாடையைக் குறிக்கும் சொல்லோடு மலையைக் குறிக்கும் சொல் சேர்ந்தது என்றும், சஞ்சீவி மலையைச் சுமந்து வந்த அனுமனின் தாடையிலிருந்து விழுந்த துண்டே இந்த மலை என்றும் சொல்வார்கள். அருகிலுள்ள பூங்காவையும் அசோகவனத்தின் பகுதி என்றே சுற்றுலா வழிகாட்டிகள் சிலர் காட்டுகின்றனர். அது 1861ஆம் ஆண்டு சிங்கோனா மரம் வளர்த்துப் பார்ப்பதற்காகத் தொடங்கப்பட்ட தோட்டம். மூலிகை மலை விழுந்த இடத்தில் காய்ச்சல் மருந்து மரத்தை நட்ட வெள்ளைக்காரனுக்குக் கதை தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனால் பொருத்தம் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது.

கட்டடம்

ஆலயத்தின் கட்டுமானம் திராவிட மரபைப் பின்பற்றுகிறது. கர்ப்பக்கிரகம், அதன் முன் மண்டபம், மேலே சுதைச் சிற்பங்கள் நிறைந்த விமானம் என்று தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ காணக்கூடிய உறுப்புகளே இங்கும் உள்ளன. அதிட்டானம் (அடித்தளம்), கால், பிரஸ்தரம் (கூரைத்தளம்), கிரீவம் (கழுத்து), சிகரம், தூபி (கலசம்) என்று ஆகமமும் சிற்ப நூல்களும் வகுத்த ஆறு அங்கங்களை இதன் மேலும் பொருத்திப் பார்க்கலாம். இராமகாதைக் காட்சிகள் வண்ணச் சுதையாக மேலே ஏறியிருக்கின்றன. அதாவது, கதையில் சொல்லப்பட்ட எந்தக் கட்டடத்தையும் இந்த ஆலயம் போலச்செய்யவில்லை. பவளப் படியும் இல்லை, புல் கூரையும் இல்லை. கதைக்குரிய வடிவத்தைத் தேடாமல், தெய்வத்துக்குரிய வடிவம் என்று சமூகம் அறிந்து வைத்திருந்ததை எடுத்து, கதைக்குரிய நிலத்தில் வைத்திருக்கிறார்கள்.

இதைக் குறையாகச் சொல்லும் கட்டடக் கலைஞர்கள் உண்டு. இடத்துக்கேற்ற புது வடிவம் ஒன்றைக் கண்டிருக்கலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தோட்டப்புறக் கோயில்கள் எப்படி வளர்ந்தன என்பதைப் பார்க்காமல் அந்தத் தீர்ப்பைச் சொல்ல முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் (ஆள்சேர்த்து மேற்பார்த்தவர்கள்) வழியாகக் கொண்டுவரப்பட்ட மக்களுக்கு, குடியிருந்த லயக் காம்பிரா கூடச் சொந்தமில்லை. மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, சூலம் ஊன்றி மாரியம்மன் என்றும் முனியாண்டி என்றும் கும்பிட்ட இடம்தான் அவர்கள் தங்கள் விருப்பப்படி அமைத்துக்கொண்ட ஒரே இடம். கொஞ்சம் பணம் சேர்ந்ததும் கல்லுக்கு மேல் தகரக் கூரை வரும். பிறகு சீமெந்துச் சுவர். பல ஆண்டுகள் கழித்துக் கோபுரம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய பிறகும் இந்த வளர்ச்சி நிற்கவில்லை. ஆகமக் கோயில் வரைபடத்தில் தொடங்கித் தெய்வத்தில் முடிகிறது என்றால், தோட்டத்துக் கோயில் கல்லில் தொடங்கி வரைபடத்தை எப்போதாவது எட்டிப் பிடிக்கிறது.

சீதாஎலிய ஆலயமும் இவ்வழியிலேயே வந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் ஓடையில் மூன்று விக்கிரகங்கள் கண்டெடுக்கப்பட்டு, கரையில் வைத்து வழிபடப்பட்டன என்பதே ஆலயம் பற்றி இங்கு வழங்கும் வரலாறு. தூக்கி வரப்பட்டவளின் கதையைக் கடல் கடந்து கூட்டி வரப்பட்டவர்கள் ஏன் இவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டார்கள் என்று கேட்பவர்கள், கம்பனின் புல் குடிசையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். தன் ஊர் மண்ணும் தன் ஊர்க் கூரையும் அயல் நிலத்தில் இறங்கியிருக்கும் அந்தக் காட்சிக்கு, மலைச்சரிவில் தஞ்சாவூர்ச் சாயலில் எழும் வண்ண விமானம் அப்படியொன்றும் தூரமில்லை. புல்லுக்குப் பதில் சீமெந்து, வேறு வித்தியாசமில்லை.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் பதிவு செய்ய வேண்டும். சுதை வேலை வெயில் காயும் ஊருக்கானது. கடல் மட்டத்திலிருந்து வெகு உயரத்தில், ஆண்டின் பெரும்பகுதி ஈரமும் மூடுபனியும் சூழ்ந்த இடத்தில், சுதை உருவங்களின் மடிப்புகளில் பாசி குடியேறுகிறது. மயிரிழை வெடிப்பில் நுழையும் நீர் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்ய, துரு பருத்து, விரலும் மூக்கும் முதலில் உதிர்கின்றன. தெய்வத் திருமேனியைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்து கொம்பரக்கு, குங்குலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலியவற்றை இடித்துச் சேர்ப்பது. பிசினும் மெழுகும் கலந்த அந்தச் சாந்து குளிரில் கைக்கு இணங்காமல் இறுகும் என்பதால் இடிப்பவர்கள் அதைச் சூடு ஆறாமல் வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை கும்பாபிஷேகம் என்ற மரபு மலையகத்தில் பக்தியோடு பராமரிப்புக் கால அட்டவணையாகவும் இருக்கிறது.

அதே கதை, வேறு கட்டடங்கள்

இதே வீதியில் மறுபக்கம், கண்டியை நோக்கிப் போகும் வழியில், றம்பொடையில் சின்மயா மிஷன் அமைத்த பக்த அனுமான் ஆலயம் இருக்கிறது. இராமனின் படை தங்கிய இடம், அதனால் இராமபடை என்பது றம்பொடை ஆயிற்று என்பது மக்கள் வழக்கு. அங்கே தனியாகக் காட்டக்கூடிய பாறையோ சுவடோ இல்லை. மலை முழுவதும்தான் கதை. அதனால் கட்டியவர்கள் உயரத்தை நாடினார்கள்: மலைச்சரிவின் விளிம்பில், கொத்மலைப் பள்ளத்தாக்கு கண்ணுக்கெட்டிய தூரம் விரியும் இடத்தில், பெரிய கருங்கல் அனுமன் நிற்கிறார். தேடி வந்தவன் எங்கும் பார்க்க வேண்டியவன் என்பதால் அந்தத் தேர்வு கதைக்கு இயைந்ததே. அங்கே கட்டடம் கண்ணுக்கு வேலை கொடுக்கிறது. சீதாஎலியவில் காலுக்கும் காதுக்கும்.

வெலிமடைப் பக்கம் திவுரும்பொல விகாரை மூன்றாவது வகை. சீதை தீக்குளித்துச் சத்தியம் செய்த இடமாக அது கருதப்படுகிறது; சத்தியம் செய்யும் இடம் என்பதே அந்தச் சிங்களப் பெயரின் பொருள். தமிழர் கோயில் கட்டிய அதே கதைக்குச் சிங்களவர் பௌத்த விகாரையின் எல்லைக்குள் இடம் கொடுத்திருக்கிறார்கள். சிறையிருந்த இடத்தில் விமானம், சத்தியம் செய்த இடத்தில் தாதுகோபம் என்னும் பௌத்தத் தூபி. கதை ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு சமூகமும் தனக்குத் தெரிந்த கூரையைத்தான் அதன் மேல் போடுகிறது என்ற என் முடிவுக்கு இதைவிட நல்ல சான்று இந்த மலைகளில் கிடையாது.

புகழ் வந்த பிறகு

இராமாயணத் தலங்களைச் சுற்றுலாவாக்கும் முயற்சிக்குப் பின் சீதாஎலிய ஒரு தோட்டப்புறக் கோயிலாக மட்டும் இருக்கவில்லை. 2021இல் இங்கிருந்து ஒரு கல் அயோத்தி இராமர் ஆலயத்துக்காக இந்தியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. 2024 ஜனவரி 22 அன்று அயோத்தியில் பிராணப் பிரதிஷ்டை நடந்தது. அதே ஆண்டு மே 19 அன்று சீதாஎலியவில் நடந்த கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியிலிருந்து சரயு நதியின் நீர் வந்தது. இங்கிருந்து கல் போக, அங்கிருந்து நீர் வருகிறது. நிலத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்த கதையின் ஊரில் நிலத்தின் துண்டுகள் இன்றும் கடல் கடந்துகொண்டுதான் இருக்கின்றன.

இனி வரும் ஆபத்து கூட்டத்தால் வருவது. கூட்டம் கூடினால் நிற்க இடம் வேண்டும், கைப்பிடி வேண்டும், வழுக்காத தளம் வேண்டும். இவை ஒவ்வொன்றும் நியாயமான தேவை. ஆனால் ஒவ்வொன்றும் ஓர் அடி சீமெந்தைப் பாறையை நோக்கி நகர்த்தும். இந்த ஆலயத்தில் கதையைத் தாங்குவது பின்னாலிருக்கும் ஓடைப் பாறைதான். முன்னாலிருப்பது அதற்கான மண்டபம். மழைநீர் குழியில் தேங்கவும், பெருமழையில் ஓடை பாறை மேல் ஏறி இறங்கவும் விடப்பட்டிருக்கும் வரை, விமானம் எத்தனை நிறம் மாறினாலும் இடம் கெடாது என்பது என் கணிப்பு.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் பீலிக்கு (தண்ணீர் பிடிக்கும் துறைக்கு) மேலே, ஊற்றடியில் ஒரு முனியாண்டி கல் இருக்கிறது. ஏழு ஆண்டுகளுக்கு முன் அதற்குக் கோயில் எடுத்தபோது வரைபடம் போட்டவன் நான். கல்லைச் சுற்றி நாலு அங்குலக் கொங்கிறீற் தளம் போட்டு, மேலே மாபிள் பதித்து, ஊற்று நீரைக் குழாய் வழியே திருப்பிவிட்டேன். முதல் மழைக்காலத்திலேயே சுவர் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறிப் பூச்சு உதிர்ந்தது. இரண்டாம் ஆண்டு மாபிள் எழும்பி நின்றது. பூசை பார்க்கும் பெரியப்பா ஒருவர், "தம்பி, நீங்க படிச்சவங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா சாமிக்குக் காலு நனையணும்" என்றார். அப்போது அதை வயதானவர் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

சீதாஎலியவிலிருந்து திரும்பிய வாரம் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். மார்கழிக் கடைசியில் கோயில் குழுவின் ஒப்புதலோடு கல்லின் அடியைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்குத் தளத்தை வெட்டி எடுத்து, கிழக்குச் சுவரின் கீழே ஒரு வாய்க்கால் திறந்தோம். முதல் நாள் சேறாக வந்தது. மறுநாள் காலை கல்லின் இடப்பக்கமாகத் தெளிந்து ஓடி வெளியே போனது. தைப்பொங்கல் பானையை அந்தத் தண்ணீரில்தான் கழுவினார்கள்.